வாடகை பாக்கியைக் குழுவில் போட்டேன், ஒன்பது வருடக் குடித்தனக்காரர் காலி செய்கிறேன் என்கிறார்

கணக்கு_நோட்டு | சனி, இரவு 10:40

சென்னை நங்கநல்லூரில் அப்பா 1994-இல் கட்டிய வீடு. கீழே இரண்டு போர்ஷன், மாடியில் ஒன்று. கீழே முன்பக்கம் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். அம்மா போன பிறகு அப்பாவைத் தனியாக விட மனம் வரவில்லை. போன தை மாதம் ஓசூருக்கு என்னோடு அழைத்து வந்துவிட்டேன். அவர் இருந்த போர்ஷனையும் வாடகைக்கு விட்டாயிற்று. ஆக இப்போது மூன்று குடித்தனம். முன்பக்கம் ஓய்வு பெற்ற தம்பதி, பின்பக்கம் ஐ.டி.யில் வேலை பார்க்கும் மூன்று பையன்கள், மாடியில் ஒன்பது வருடமாக இருக்கும் ஒரு குடும்பம். அவர்கள் பெண் பத்தாவது படிக்கிறாள்.

அப்பா நடத்திய விதமே வேறு. மாடிப்படிக்குக் கீழே ஈசிசேரில் உட்கார்ந்திருப்பார். யார் ஏறினாலும் இறங்கினாலும் இரண்டு வார்த்தை. வாடகை, தண்ணீர், பக்கத்து மனை நாய் எல்லாம் அதிலேயே முடிந்துவிடும். பிறகு ஒரு நீள நோட்டில் ஒரு வரி எழுதிக்கொள்வார். "மாடி. கிச்சன் குழாய் சொட்டு. ஆள் வந்தான். 250."

ஓசூரில் இருந்துகொண்டு நான் ஈசிசேர் போட முடியாது. வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினேன். முதல் இரண்டு மாதம் நன்றாகத்தான் போனது. மே மாதம் சம்ப் மோட்டாரில் காயில் எரிந்தது. செலவு 4,800 ரூபாய். பில்லைக் குழுவில் போட்டு, ஆளுக்கு 1,600 என்று எழுதினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. முன்பக்கத்து சார் மட்டும் ஒரு கட்டைவிரலைப் போட்டார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 7-ஆம் தேதி இன்னொரு காரியம் செய்தேன். ஆபீஸில் வேலை நிலவரம் போடுகிற பழக்கத்தில், "ஜூன் வாடகை: முன்பக்கம், வந்தது. பின்பக்கம், வந்தது. மாடி, பாக்கி" என்று குழுவில் போட்டுவிட்டேன். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அன்று மாலையே வாடகை வந்துவிட்டது. மறுநாள் மாடி வீட்டுக்காரர் குழுவை விட்டு வெளியேறினார். மூன்றாம் நாள் தனியாக ஒரு மெசேஜ்: "சார், ஆவணியில் காலி செய்கிறோம். அட்வான்ஸ் ரெடி பண்ணிக்கொள்ளவும்."

ஒன்பது வருடத்தில் அவர் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். இந்த "சார்" தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. போன் செய்தால் எடுப்பதில்லை.

வீட்டுக்காரர்கள், வாடகைக்கு இருப்பவர்கள் இரண்டு தரப்பும் சொல்லுங்கள். எதை எப்படிப் பேசியிருக்க வேண்டும்? இனி எப்படிப் பேசுவது?

ஏழாவது_வீடு | சனி, இரவு 11:15

இருபது வருடத்தில் ஏழு வீடு மாறியவள் சொல்கிறேன். மோட்டார் பில்லுக்காக யாரும் வீடு காலி செய்ய மாட்டார்கள். அந்த "மாடி, பாக்கி" தான்.

உங்களுக்கு அது மூன்று வரிக் கணக்கு. அவருக்கு அது, நேற்று வந்த பையன்கள் முன்னாலும், தினமும் படியில் பார்க்கிற பெரியவர் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்ட மாதிரி. அதிலும் ஜூன் மாதம். பள்ளிக்கூட ஃபீஸ், புத்தகம், யூனிஃபார்ம், டியூஷன் அட்வான்ஸ். ஜூனில் இரண்டு நாள் தாமதம் ஆகாத நடுத்தரக் குடும்பம் இருந்தால் காட்டுங்கள், கும்பிட்டுவிட்டு வருகிறேன். ஒன்பது வருடத்தில் அவர் எத்தனை முறை தாமதித்தார் என்று அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தீர்களா?

நாங்கள் ஆதம்பாக்கத்தில் இருந்தபோது ஒரு வீட்டுக்காரர். ஐந்தாம் தேதி காலை சரியாக ஆறு மணிக்குப் போன். "ஒண்ணுமில்லம்மா, சும்மாதான் கூப்பிட்டேன், தண்ணி வருதா?" என்பார். தண்ணீர் வருவது அவருக்கே தெரியும், மோட்டார் ஸ்விட்ச் அவர் வீட்டில்தான் இருந்தது. வாடகை என்ற வார்த்தையை மூன்று வருடத்தில் அவர் ஒரு முறைகூடச் சொன்னதில்லை. ஆனால் ஐந்தாம் தேதி விடிந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். நேராக, "அம்மா, இந்த மாசம் எப்போ அனுப்புவீங்க?" என்று என்னிடம் மட்டும் கேட்டிருந்தால் தேதியைச் சொல்லிவிட்டு நிம்மதியாகக் காபி குடித்திருப்பேன்.

இரும்பு_கேட் | ஞாயிறு, காலை 6:50

இப்படிச் சொல்லி வீட்டுக்காரரை அழ வைக்கிறீர்கள். நான் மறுபக்கம் பேசுகிறேன்.

எனக்கு அம்பத்தூரில் நான்கு வீடு. ஆரம்பத்தில் நானும் வாய் வார்த்தைக்காரன்தான். ஒரு குடித்தனக்காரர், "அண்ணே, அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேன்" என்று ஏழு மாதம் ஓட்டினார். பத்து மாத அட்வான்ஸ் இருக்கிறதே என்று நானும் விட்டேன். காலி செய்கிற அன்று, இரண்டு மாத வாடகையைக் கையில் கொடுத்ததாகச் சொன்னார். ரசீது கொடுக்கும் பழக்கம் எனக்கும் இல்லை. என் மனைவி முன்னால் என்னையே பொய்யன் ஆக்கிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து எல்லாமே எழுத்து. வாடகை வங்கிக் கணக்குக்குத்தான். கையில் வாங்கினால் அந்த இடத்திலேயே ரசீது. சட்டமும் இப்போது அப்படித்தான் இருக்கிறது. 1960-ஆம் வருடச் சட்டம் போய், 2017-இல் புதிய வாடகைச் சட்டம் போட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வாடகை ஏற்றுவதானால் மூன்று மாதம் முன்னால் எழுத்தில் நோட்டீஸ். வாங்கிய வாடகைக்கு ரசீது. இதெல்லாம் குடித்தனக்காரருக்கு மட்டும் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள்.

பட்டியல் போட்டது தப்பு, சரி. ஆனால் எழுதியதே தப்பு என்கிற மாதிரிப் பேச்சு போகிறது, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஏழாவது_வீடு | ஞாயிறு, காலை 7:30

எழுதியது தப்பு என்று யார் சொன்னது? ஊரைக் கூட்டி எழுதியதுதான் தப்பு.

முத்திரைத்தாள் | ஞாயிறு, காலை 9:05

அப்பா பத்திரம் எழுதுபவர். பள்ளி நாட்களில் விடுமுறை என்றால் அவர் மேசையில்தான் இருப்பேன், அதனால் கொஞ்சம் தெரியும்.

இரும்பு கேட் சொன்ன சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் பலர் பார்த்ததே இல்லை. யார் எதைச் சரிசெய்வது என்று அதில் பிரித்து வைத்திருக்கிறார்கள். கட்டடத்தின் அடிப்படைப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, ஒயரிங் இதெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச், சாக்கெட், கீசர், வாஷ்பேசின், தாழ்ப்பாள், கொசுவலை, ஜன்னல் கண்ணாடி இதெல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரிப் பேசிக்கொண்டால் அது.

ஆனால் இது எத்தனை பேருக்குத் தெரிந்து கையெழுத்துப் போடுகிறார்கள்? என் அனுபவத்தில் நூற்றில் ஒருவர்கூடப் படிப்பதில்லை. முன்பு யாரோ யாருக்கோ அடித்த இங்கிலீஷ் ஒப்பந்தம். பெயரையும் தொகையையும் மாற்றி, பதினொரு மாதம் என்று போட்டு நீட்டுவார்கள். ஒரு முறை நங்கநல்லூர் வீட்டு ஒப்பந்தத்தில் "மதுரை நீதிமன்ற எல்லைக்குட்பட்டது" என்று இருந்தது. இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அப்பாதான் பேனாவைப் பிடுங்கினார்.

நான் சொல்வது இதுதான். ஒப்பந்தம் எந்த மொழியில் வேண்டுமானாலும் இருக்கட்டும். சாவி கொடுக்கிற அன்று, தமிழில் ஒரே ஒரு பக்கம் தனியாக எழுதி, இரண்டு பேரும் உட்கார்ந்து வாய்விட்டுப் படியுங்கள். வாடகை எந்தத் தேதிக்குள், எந்தக் கணக்குக்கு. குழாய் உடைந்தால் யாருக்குச் சொல்வது. காலி செய்ய எத்தனை மாதம் முன்னால் சொல்வது. பெயின்டிங் காசு பிடிப்பீர்களா, பிடித்தால் எவ்வளவு. அட்வான்ஸ் எப்போது திரும்பும். சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது, வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால் தவிர. காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்ப வேண்டும். நம் ஊரில், "அடுத்த ஆள் வந்ததும் தர்றேன்" என்பதுதானே சட்டம்!

அப்புறம், மூன்று வீட்டுக்கும் பொதுவான மோட்டார் எரிந்ததற்குக் குடித்தனக்காரர்களிடம் 1,600 கேட்டீர்களே, உங்கள் ஒப்பந்தத்தில் எங்காவது அப்படி எழுதியிருந்ததா? இல்லையென்றால் அது உங்கள் செலவு என்பதுதான் என் அபிப்பிராயம். கட்டைவிரல் கையெழுத்து ஆகாது. (கைநாட்டு என்றால் வேறு விஷயம்.)

மூணு_பேர்_ஒரு_சாவி | ஞாயிறு, பகல் 12:20

இப்போதுதான் எழுந்தேன். பேச்சிலர்கள் சார்பில் நான்கு வார்த்தை.

எங்களுக்கு வீடு கிடைப்பதே ஒரு தேர்வு. டூலெட் போர்டில் போன் நம்பர் மட்டும் இருக்கும். கூப்பிட்டால் முதல் கேள்வி, "ஃபேமிலியா?" இரண்டாவது, "எந்த ஊர்?" மூன்றாவது, "வெஜ்ஜா?" நான்காவதை நேராகக் கேட்க மாட்டார்கள். "உங்க ஊர்ல எந்தத் தெரு?" என்பார்கள். என் நண்பன் ஒருவன் தெருப் பெயரைச் சொன்னதும், "தம்பி, வீடு நேத்தே போயிருச்சு" என்றார்கள். போர்டு அடுத்த மாதமும் தொங்கியது. கறி சமைக்கக் கூடாது என்றால் போர்டிலேயே எழுதிவிடுங்கள். மேடவாக்கத்திலிருந்து வெயிலில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்று அதைக் கேட்க வேண்டாம். நான்காவது கேள்விக்கு எழுதக்கூட வாய் வராது, அது கேட்பவருக்கே தெரியும், அதனால்தான் சுற்றி வருகிறார்.

வீடு கிடைத்த பிறகு வருவது ஈபி. எங்களுக்கு சப் மீட்டர், யூனிட்டுக்கு 9 ரூபாய். ஏன் 9 என்று கேட்டால், "எல்லா இடத்துலயும் அதான்." வீட்டுக்கு 100 யூனிட் இலவசம் என்று ஊருக்கே தெரியும். அந்த 100 எங்கே போகிறது என்று நாங்கள் கேட்டால் வாடகைக்கு வந்தவன் வாய் பேசுகிறான் என்று அர்த்தம். ஒரே இணைப்பில் மூன்று வீடு ஓடினால் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைச் சாதாரணமாகத் தாண்டும். தாண்டினால் கீழே இருக்கிற யூனிட்டுக்கும் சேர்த்து விலை ஏறிவிடும், இது எங்களுக்கும் புரியும். பில்லை ஒரு போட்டோ, சப் மீட்டரை ஒரு போட்டோ, மொத்தத்தை இப்படிப் பிரித்தேன் என்று ஒரு வரி. அவ்வளவுதான். ரூபாய் கூட இருந்தாலும் கொடுத்துவிடுவோம். கணக்கு காட்டாமல் இருப்பதுதான் கடுப்பு.

இன்னொன்று. எங்களுடைய சத்தத்துக்கு எங்களைத் திட்டுங்கள். போன வருடம் எங்கள் ஓனர் தேனியில் இருக்கும் என் அப்பாவுக்குப் போன் போட்டு, "உங்க பையன் ராத்திரி பதினோரு மணிக்குக் கேரம் போர்டு ஆடுறான்" என்றார். எனக்கு 27 வயசு.

இரும்பு_கேட் | ஞாயிறு, பகல் 12:45

கேரம் போர்டா. நான் இதைவிட மோசமாக எதிர்பார்த்தேன்.

மூன்று பேர் இருந்தால் யாரிடம் பேசுவது என்பது எங்களுக்குப் பெரிய தலைவலி தம்பி. ஒருவன், "நான் போன வாரம் கொடுத்துட்டேன் அங்கிள், அவன்தான் பாக்கி" என்பான். மூன்று பேரில் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள், அவரிடம் மட்டும் பேசுகிறோம். எங்களுக்கும் மூன்று பேருக்கு மூன்று விதமாகப் பேச ஆசை இல்லை.

ஜூரோங்_மேற்கு | ஞாயிறு, மாலை 4:10

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். ஓசூர் தூரம் என்கிறீர்கள், எனக்குக் கடல் தாண்டி. வேளச்சேரியில் ஒரு ஃபிளாட், தரைத்தளம். நடுவில் என் மைத்துனர் இருந்தார். குடித்தனக்காரர் அவரிடம் சொல்வார், அவர் என்னிடம் சொல்வார். அப்படித்தான் ஏற்பாடு.

நடந்தது என்னவென்றால், எனக்கு வந்ததெல்லாம், "ஏதோ சுவிட்ச் போர்டு பிரச்சனை மாமா, நான் பார்த்துக்கிறேன்." அங்கே குடித்தனக்காரருக்குப் போனதெல்லாம், "மாமா இப்ப செலவு பண்ற மூடுல இல்ல." நான் அப்படிச் சொல்லவே இல்லை. மைத்துனர் கெட்டவரும் இல்லை. இரண்டு பக்கமும் தொந்தரவு வேண்டாமே என்று ஆளுக்கு ஏற்றபடி சொல்லிவைத்தார். சுவிட்ச் போர்டு தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்கிறது, 2015-இல் தண்ணீர் வந்தபோது அதற்குள் போய்விட்டது, மேலே ஏற்றிக் கொடுங்கள் என்பதுதான் அவர் கேட்டது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை எல்லாம் தண்ணீர். கரன்ட் இல்லை, போன் இல்லை. இரண்டாம் நாள்தான் அவர் குரலைக் கேட்டேன். மாடிப்படியில் இருந்து பேசினார். மெயினை அணைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிவிட்டார்களாம். "சார், அந்த போர்டு" என்று ஆரம்பித்தார். நான் எந்த போர்டு என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

தண்ணீர் வடிந்ததும் போர்டை நான்கரை அடிக்கு ஏற்றினேன். அதைவிட முக்கியம், குடித்தனக்காரரிடம் என் நம்பரைக் கொடுத்தேன். மைத்துனர் இப்போது சாவி வைத்திருப்பவர் மட்டுமே. வேலைக்கு ஆள் வரும்போது திறந்துவிடுவார், செய்தி அவர் வழியாகப் போகாது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் இன்னொன்றையும் வாடகைக்கு விடும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். நாம் என்.ஆர்.ஐ. என்றால் வாடகை கொடுப்பவர் 30 சதவீதமும் செஸ்ஸும் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டும். சொல்லாமல் விட்டால் மாட்டுவது அவர். அதேபோல் வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வாடகை கட்டுபவர் எச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப் படிக்கான வரிச் சலுகை) கேட்கும்போது வீட்டுக்காரர் பான் நம்பரைத் தர வேண்டியிருக்கும். மார்ச் மாதம் அதைக் கேட்டால் முகம் சுளிக்கும் ஓனர்கள் எத்தனை பேர்!

ஏழாவது_வீடு | ஞாயிறு, மாலை 4:30

பான் நம்பர் கேட்டதற்கு ஒரு வீட்டில் எங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். ஏழில் அது நான்காவது.

கணக்கு_நோட்டு | ஞாயிறு, இரவு 8:00

எல்லாவற்றையும் படித்தேன். முத்திரைத்தாள் கேட்டதற்குப் பதில்: இல்லை, எங்கும் எழுதவில்லை. மாடி வீட்டோடு ஒப்பந்தமே 2016-இல் ஒரு முறை போட்டதோடு சரி. அதற்குப் பிறகு வருடாவருடம் அப்பா, "ஐந்நூறு ஏத்திக்கலாமா?" என்பார், அவர், "சரிங்கய்யா" என்பார்.

1,600-ஐ மூன்று பேருக்கும் இன்று திருப்பி அனுப்பிவிட்டேன். காரணத்தைத் தனித்தனியாக எழுதினேன். பையன்கள் ஆளுக்கொரு இதயம் போட்டார்கள், மூன்று இதயம். முன்பக்கத்து சார் போன் செய்து, அவர் போட்ட கட்டைவிரல் "பார்த்துவிட்டேன்" என்பதற்காக மட்டும்தான் என்றார். மாடியில் இருந்து பதில் இல்லை.

நேரில் போகலாமா? போனால் வாடகை ஏற்றத்தைப் பற்றியும் சேர்த்துப் பேசிவிடலாமா? ஓசூரிலிருந்து ஏழு மணி நேரம், அடிக்கடி வர முடியாது.

பீளமேடு_அம்மிணி | ஞாயிறு, இரவு 8:40

தம்பி, வாடகை ஏத்தறதப் பத்தி இந்த நடைல வாயே தொறக்காதீங்க.

கோயமுத்தூருல முப்பத்திரண்டு வருசமா வீடு வுட்டுட்டு இருக்கறேன். நேருல போங்க. போறதுக்கு முந்தின நாள் சொல்லிட்டுப் போங்க. சட்டத்துல 24 மணி நேரம் முன்னாடி எழுத்துல சொல்லோணும்னு இருக்குதுன்னு எம் பையன் சொல்றான், சட்டம் இல்லாட்டியும் அதுதானுங்க மொறை. நம்ம வீடா இருந்தாலும் அடுப்பு அவிங்களுது.

போனா வாசல்லயே நில்லுங்க. உள்ள வாங்கன்னா மட்டும் போங்க. உள்ள போய் செவுத்தையும் கூரையையும் அண்ணாந்து பாக்காதீங்க, நாம பாத்தம்னா ஆணி எத்தனை அடிச்சிருக்கறாங்கன்னு எண்ணற மாரி அவிங்களுக்குத் தெரியும். வூட்டுக்காரரு வந்து உக்காந்தா குடியிருக்கறவிங்களுக்குப் பரிச்சை எழுதற மாரிங்க. நாம தப்புப் பண்ணுனதச் சொல்லிப்போட்டு, காப்பி குடுத்தா குடிச்சுப்போட்டு எந்திரிச்சு வந்துருங்க. அவிங்க பேசறத வுட நாம கம்மியாப் பேசோணும்.

இருக்கச் சொல்லிக் கெஞ்சவும் வேண்டாமுங்க. ஆவணின்னு சொல்லிட்டாங்கன்னா ஆவணிதான். ஆடில எவனும் வீடு மாத்த மாட்டான்னு தெரிஞ்சு, நமக்கும் ஆள் தேட நேரம் குடுத்து, ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லியிருக்கறாங்க பாருங்க. கோவத்துல இருக்கற மனுசன் இத்தனை மொறை பாப்பானுங்களா?

இரும்பு_கேட் | ஞாயிறு, இரவு 9:10

அம்மா சொன்னதில் ஒன்றைத் தவிர எல்லாம் சரி. சுவரைப் பார்க்காமல் வரக் கூடாது. காலி செய்கிறவர் வீட்டை எப்படி வைத்திருக்கிறார் என்று பார்த்து, போட்டோ எடுத்து, அட்வான்ஸில் எதைப் பிடிப்பது என்று அப்போதே பேசிவிட வேண்டும். சாவி கொடுக்கிற அன்று, "இந்த டைல்ஸ் முன்னாடியே உடைஞ்சிருந்தது" என்பார்கள். நான் குடிவரும்போதும் காலி செய்யும்போதும் ஒரே கோணத்தில் போட்டோ எடுத்து இரண்டையும் அவர்களுக்கே அனுப்பிவிடுவேன். சண்டையே வராது.

முத்திரைத்தாள் | ஞாயிறு, இரவு 9:25

போட்டோ நல்ல பழக்கம், நானும் அதையே சொல்வேன். ஆனால் மன்னிப்புக் கேட்கப் போகிற அன்றைக்கா? அதற்கு வேறு நாள் சொல்லி, வேறு நோட்டீஸ் கொடுத்துப் போகட்டும்.

மூணு_பேர்_ஒரு_சாவி | ஞாயிறு, இரவு 11:58

குழுவைக் கலைத்துவிடாதீர்கள். தண்ணீர் லாரி எப்போது வரும், தொட்டி கழுவும் நாள், கரன்ட் கட் இதற்கெல்லாம் குழுதான் வசதி. 2019-இல் சென்னையே காய்ந்து கிடந்தபோது எங்கள் பழைய வீட்டில் குழு இல்லை. லாரி வந்ததே மற்ற இரண்டு வீட்டுக்கும் தெரியாது. முதலில் பார்த்தவர் எட்டுக் குடம் பிடித்துக்கொண்டார். அது நான்தான்.

பணத்தைப் பற்றி மட்டும் தனித்தனியாக.

கணக்கு_நோட்டு | அடுத்த திங்கள், காலை 10:20

போய் வந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், மன்னியுங்கள்.

சனிக்கிழமை காலை, "நாளை மாலை ஐந்து மணிக்கு நங்கநல்லூர் வருகிறேன், உங்களுக்குச் சௌகரியப்பட்டால் ஐந்து நிமிடம் பார்க்கலாமா?" என்று எழுதினேன். இரவு ஒன்பதுக்கு, "வாங்க" என்று ஒரு வார்த்தை வந்தது. சார் இல்லை, தம்பியும் இல்லை.

வாசலில் நின்றேன். அவர் மனைவி, அந்த அம்மாதான் கதவைத் திறந்தார்கள். உள்ளே கூப்பிட்டார்கள். பெண் பாடப் புத்தகத்தோடு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். நான் பட்டியல் போட்டதைப் பற்றிச் சொன்னேன், அப்படிப் போட்டிருக்கக் கூடாது என்றேன். அவர், "பரவாயில்ல விடுங்க, ஆபீஸ் ஞாபகத்துல போட்டிருப்பீங்க" என்றார். அதோடு பேச்சு நின்றுவிட்டது. அம்மிணி சொன்னது நினைவுக்கு வந்தது, நானும் சும்மா இருந்தேன். காபி வந்தது.

பிறகு அவராகவே, "வீடு மாத்தறதுக்கு அது மட்டும் காரணம் இல்ல" என்றார். எழுந்து பாத்ரூம் பக்கத்துச் சுவரைக் காட்டினார். இடுப்பு உயரத்துக்கு ஓதம் அடித்திருந்தது. பெயின்ட் உரிந்து, தொட்டால் மாவு மாதிரி உதிர்கிறது. அதை மறைக்க ஒரு பழைய காலண்டரைத் தொங்கவிட்டிருந்தார்கள். பெண்ணுக்கு மார்கழியிலிருந்து இருமல். அந்தச் சுவரை ஒட்டித்தான் அவள் கட்டில்.

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "ஏன் சொல்லவே இல்லை?" என்று கேட்டுவிட்டேன். "சொன்னோமே, அய்யாகிட்ட" என்றார் அந்த அம்மா. அவர் மனைவியைப் பார்வையாலேயே அடக்கினார்.

அப்பாவின் நோட்டு என் பையில்தான் இருந்தது. பழைய வாடகைத் தேதியைப் பார்ப்பதற்காக எடுத்து வந்திருந்தேன் (ஏழாவது வீடு கேட்டதற்குப் பதில்: ஒன்பது வருடத்தில் ஐந்து முறை, ஐந்தும் ஜூன்). கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். போன வருடம் ஆகஸ்டில், "மாடி. பாத்ரூம் சுவர் ஓதம். ஆள் சொல்ல வேண்டும்." செப்டம்பரில், "மாடி. பாத்ரூம் சுவர் ஓதம். ஆள் சொல்ல வேண்டும்." அக்டோபரில் இரண்டு முறை, நான்கு நாள் இடைவெளியில். அதே வரி, அதே கையெழுத்து, ஒவ்வொரு முறையும் முதல் முறை கேட்கிற மாதிரி. "ஆள் வந்தான்" என்ற வரி எங்கும் இல்லை.

அவர் சொன்னார்: "ரெண்டாவது தடவ போனப்பவே தெரிஞ்சு போச்சு. முதல் தடவ என்ன கேட்டாரோ அதையே திரும்பக் கேட்டாரு. நோட்டுல எழுதிக்கிட்டாரு. உங்களுக்குப் போன் பண்ணிச் சொன்னா, அய்யாவ மாட்டிவிட்ட மாதிரி ஆயிடும்னு இவ சொன்னா. நீங்க அவர ஓசூருக்குக் கூட்டிட்டுப் போனப்ப, உங்களுக்கே தெரிஞ்சு போச்சு போலன்னு நினைச்சோம்."

எனக்குத் தெரியாது. நான் அவரை அழைத்து வந்தது தனியாக இருக்கிறாரே என்பதற்காக. சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது எல்லா வயதானவர்களுக்கும் இருப்பதுதானே என்று இருந்துவிட்டேன்.

அவர்கள் ஆவணியில் காலி செய்வது உறுதி. பெண்ணின் பள்ளிக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்து டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள். நான் இருக்கச் சொல்லவில்லை. அட்வான்ஸ் முழுவதும் சாவி தருகிற அன்றே, பெயின்டிங் காசு பிடிக்கப் போவதில்லை என்றேன், அதை மெசேஜிலும் எழுதி அனுப்பினேன். ஓத வேலைக்கு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆள் வருகிறான். மாடிக்குத் தனியாகவும், தண்ணீர் நிற்கும் நேரத்தைக் குழுவிலும் சொல்லிவிட்டேன். கட்டிலை இரண்டு மாதத்துக்கு ஹாலுக்கு மாற்றிக்கொள்கிறார்கள்.

வெளியே வரும்போது படியில் நின்று, "அய்யாவ டாக்டர்கிட்ட காட்டினீங்களா தம்பி?" என்று கேட்டார். புதன்கிழமை அழைத்துப் போகிறேன்.

பீளமேடு_அம்மிணி | திங்கள், காலை 11:02

போய்ட்டு வந்து எழுதுங்க தம்பி. நோட்டையும் எடுத்துட்டுப் போங்க, டாக்டரு பாக்கட்டும்.

ஏழாவது_வீடு | திங்கள், காலை 11:30

எட்டாவது வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம். மாடி எவ்வளவு வாடகை? ஓத வேலை முடிந்த பிறகு சொன்னால் போதும்.

இரும்பு_கேட் | திங்கள், பகல் 1:15

ஓதத்துக்கு அந்த ஆள் என்ன கேட்டான்? பூச்சை முழுவதும் கொத்தி எடுத்துவிட்டு, குழாயில் கசிவு எங்கே என்று பார்க்கச் சொல்லுங்கள். மேலே பெயின்ட் அடித்தால் ஐப்பசியில் மறுபடி வரும். எனக்கும் ஒரு வீட்டில் இதே தொல்லை, ஆள் நன்றாகச் செய்தால் நம்பர் வேண்டும்.